கியர் போட்டும் நகராத கார்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே குறையைச் சொல்கின்றன. லீவரை டி-க்கோ (முன்னோக்கி ஓட்ட) ஆர்-க்கோ (பின்னோக்கி ஓட்ட) தள்ளிய பிறகும் ஆட்டோமேட்டிக் கார் உடனே இழுக்காமல் சில நொடிகள் சும்மா நிற்கிறது என்பதே அது. முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. மற்ற மூவரும் தங்கள் பதிலைப் படிக்கும் முன் அதையும் ஒருமுறை படித்துவிட வேண்டுகிறேன்.

கேள்வி: பதினொரு ஆண்டுகள் பழையதும் 92,000 கிலோமீட்டர் ஓடியதுமான, நான்கு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். காலையில் முதன்முறை எடுக்கும்போது டி-க்குத் தள்ளினால் மூன்று நான்கு நொடிகள் எதுவும் நடப்பதில்லை. பிறகு ‘டொக்’கென்று இழுக்கிறது. ஆர்-இலும் அப்படியே. அதன்பின் நாள் முழுவதும் தொந்தரவு இல்லை. கியர் பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும், எழுபதாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார் ஒரு மெக்கானிக். ஆயில் மாற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். இத்தனை நாள் மாற்றாத ஆயிலை இப்போது மாற்றினால் பெட்டியே போய்விடும் என்கிறார் மூன்றாமவர். யார் பேச்சைக் கேட்பது?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மூவரில் ஒருவராவது அந்தத் தாமதத்தை அளந்து பார்த்தாரா என்று உங்கள் கடிதத்தில் தேடினேன்; அப்படி எதுவும் இல்லை. எத்தனை நொடி, ஆயில் சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா, டி-இலா ஆர்-இலா இரண்டிலுமா என்ற விவரங்கள் கையில் இல்லாமல் பெட்டியை இறக்கச் சொல்வது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலத்தான். நல்லவேளையாக, இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு கைப்பேசியும் ஒரு வெள்ளைத் துணியும் போதும். அவற்றை நீங்களே செய்துகொள்ளலாம்.

முதலில், லீவரைத் தள்ளும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். சாதாரண கியர் பெட்டியில் எந்தப் பல்சக்கரம் வேலை செய்ய வேண்டும் என்பதை நம் கை நேரடியாகத் தேர்கிறது. ஆட்டோமேட்டிக் பெட்டியில் பல்சக்கரங்கள் எப்போதும் இணைந்தே இருக்கின்றன. அவற்றில் எது சுழல வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை அடுக்கடுக்கான கிளட்ச் பிளேட்டுகள் முடிவு செய்கின்றன. அந்த அடுக்குகளை இறுக்குவது ஆயிலின் அழுத்தம். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பம்ப் ஒன்று அடியிலுள்ள தொட்டியிலிருந்து ஃபில்டர் வழியாக ஆயிலை உறிஞ்சி, வால்வ் பாடி என்னும் நுண்ணிய வாய்க்கால்கள் நிறைந்த பாகத்துக்கு அனுப்புகிறது. நீங்கள் லீவரை டி-க்குத் தள்ளும்போது அங்கே ஒரு மடை திறக்கிறது. ஆயில் பாய்ந்து கிளட்ச் பிஸ்டனுக்குப் பின்னுள்ள இடத்தை நிரப்பி, பிஸ்டனைத் தள்ளி, பிளேட்டுகளை நெருக்குகிறது. ஆக, தாமதம் என்பது அந்த இடம் நிரம்புவதற்கு ஆகும் நேரம். ஆயில் வரத்து குறைந்தாலும், வந்த ஆயில் வழியில் கசிந்தாலும் நேரம் கூடும். இந்தக் குறையை ஆராய்வது முழுக்க இந்த இரண்டில் எது, எந்த இடத்தில் என்று தேடுவதுதான்.

எவ்வளவு நேரம் ஆகலாம் என்பதற்கு நிறுவனங்களே அளவு வைத்திருக்கின்றன. டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகள் பலவற்றில், ‘என்’ என்னும் நியூட்ரலிலிருந்து டி-க்கு 1.2 நொடிக்குள்ளும், என்-இலிருந்து ஆர்-க்கு 1.5 நொடிக்குள்ளும் கியர் விழ வேண்டும் என்று இருக்கிறது. ஆயில் 50 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது, ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும் என்பதும் அதே கையேடுகள் சொல்லும் முறை. உங்கள் காருக்குரிய அளவு சற்றே மாறலாம். ஆனால் சூடான நிலையில் இரண்டு நொடிக்கு மேல் போனால் எந்தக் காராக இருந்தாலும் கவனிக்க வேண்டியதுதான்.

சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொள்ளுங்கள். முன்னால் யாரும் நிற்க வேண்டாம். ஏசியை அணைத்துவிட்டு, எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது என்-இலிருந்து டி-க்குத் தள்ளி, கார் இலேசாக முன்னுக்கு விம்முவதை உணரும் வரை ஆகும் நேரத்தைக் குறியுங்கள். ஆர்-க்கும் அப்படியே செய்யுங்கள். இதைக் காலையில் எடுத்தவுடன் ஒருமுறையும், அரைமணி நேரம் ஓட்டிவந்த பிறகு ஒருமுறையும் செய்து, நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்தத் தாள் கூட இருக்கட்டும்.

டி, ஆர் இரண்டிலும் தாமதம் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் ஆகியவற்றில், கோளாறு இருக்கலாம். ஒன்றில் மட்டும் தாமதம் என்றால், அந்த நிலைக்குரிய கிளட்ச்சில் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீலையோ பிளேட்டையோ சந்தேகிக்க வேண்டும். பெட்டியைத் திறக்க வேண்டிவருவது பெரும்பாலும் இந்த வகையில்தான். குளிரில் சரியாக இருந்து, ஓடி ஓடிச் சூடேறிய பின் தாமதம் வந்தால், இளகிய ஆயில் தேய்ந்த பம்பிலோ வால்வ் பாடியிலோ கசிகிறது என்று கொள்ளலாம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது இழுவை விட்டுப்போய், நிறுத்திச் சற்று நேரம் கழித்து எடுத்தால் சரியாகிவிட்டது என்றால் அடைபட்ட ஃபில்டரை நினையுங்கள்.

உங்கள் கார் இவற்றுக்குள் அடங்காத, ஆனால் மிகவும் பழகிய வகை: குளிரில், முதல் முறை மட்டும், இரண்டு நிலைகளிலும். கோபிக்காரருக்குக் கிணற்று மோட்டாரைச் சொன்னால் போதும். அடியிலுள்ள ஃபுட் வால்வ் கசிந்தால் இரவில் குழாய்த் தண்ணீர் முழுவதும் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலையில் மோட்டார் ஓடினாலும் குழாய் மறுபடி நிறையும் வரை வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. ஒருமுறை வந்துவிட்டால் நாள் முழுக்கத் தடையில்லை. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் ஆயிலால் நிறைந்திருக்க வேண்டிய பாத்திரம். பழைய கார்களில் அந்த ஆயில் இரவில் தேய்ந்த இடங்கள் வழியே தொட்டிக்கு இறங்கிவிடுவது உண்டு. காலையில் பம்ப் முதலில் அதை நிரப்பிய பிறகே கிளட்ச்சுக்கு முழு அழுத்தம் வரும்.

ஆனால் இதே அடையாளத்தைக் காட்டும் இன்னொரு கோளாறும் உண்டு. கிளட்ச் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் வயதாகி விறைத்துப்போனால், குளிரில் அது சரியாக ஒட்டாமல் கசியும். சூடேறியதும் இளகி ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய இப்படிச் செய்யுங்கள். காலையில் எஞ்சினை எடுத்து, என்-இல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிறகு டி-க்குத் தள்ளுங்கள். (‘பி’ என்னும் பார்க்கிங் நிலையில் அல்ல, என்-இல்; சில பெட்டிகளில் பி-இல் இருக்கும்போது கன்வெர்ட்டருக்கு ஆயில் போவதில்லை.) தாமதம் மறைந்துவிட்டால் கன்வெர்ட்டர் வடிவதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகும் தாமதம் இருந்து, என்-க்குத் திருப்பி மீண்டும் டி-க்குத் தள்ளும்போதும், ஆயில் இன்னும் குளிர்ந்திருக்கும் நிலையில், மறுபடி தாமதித்தால் சீல் விறைத்திருக்கிறது. முன்னது பெரும்பாலும் தொந்தரவுதான், ஆபத்தல்ல. காலையில் அரை நிமிடம் பொறுக்கும் பழக்கத்தோடு பல ஆண்டுகள் ஓட்டலாம். பின்னது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும்.

இந்தச் சோதனைக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஆயிலைப் பார்ப்பது. அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்று கலந்த ஆயில் அழுத்தத்தைத் தாங்காது. ஆயில் அளவைப் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக் உள்ள பெரும்பாலான கார்களில், ஓட்டி வந்த பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய் பி-இல் வைத்து, சூட்டுக்குரிய கோட்டைப் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் முறை வேறு. சூடேற்றிய எஞ்சினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். உங்கள் காரின் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். முறை மாறினால் அளவும் பொய் சொல்லும். அளவைப் பார்த்த கையோடு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. இலேசான பழுப்பு வயதின் அடையாளம். கறுத்து, கருகிய வாடை வந்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பியதோடு விட்டுவிடாதீர்கள். இந்த ஆயில் எஞ்சினில் எரிந்து குறைவதில்லை. எங்கோ ஒழுகினால்தான் குறையும்.

அளவு சரியாக இருந்தும் பம்ப் காற்றை இழுக்க ஒரு வழி உண்டு. ஃபில்டர் கழுத்திலுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் வெடித்திருந்தால், கிணற்றின் உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்தது போலத்தான் நடக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாததால் இது பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. தொட்டியைக் கழற்றி ஃபில்டரோடு அதையும் மாற்றச் சில நூறு ரூபாயும் ஒரு மதியப் பொழுதும் ஆகலாம், எழுபதாயிரம் ஆகாது. தொட்டியைக் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். அடியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு படிந்திருப்பது இயல்பு. உலோகச் சில்லுகளோ, பிளேட்டிலிருந்து உரிந்த கறுப்புத் துணுக்குகளோ கிடந்தால் முதல் மெக்கானிக் சொன்னதில் நியாயம் உண்டு.

மூன்றாமவர் சொன்ன பயத்துக்கு வருகிறேன். ஆயில் மாற்றிய மறுவாரமே பெட்டி போய்விட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை, ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பெட்டிக்குக் கடைசி முயற்சியாக ஆயில் மாற்றிய கதைகளே என்பது என் எண்ணம். உங்கள் பெட்டி ஓட்டத்தில் வழுக்கவில்லை, ஆயிலும் கருகவில்லை என்றால் தாராளமாக மாற்றலாம். தொட்டியிலிருந்து வடிப்பது மொத்த ஆயிலில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். மிச்சம் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். ஆகவே ஒருமுறை வடித்து நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்புங்கள். இயந்திரத்தை மாட்டி அழுத்தத்தோடு அலசும் முறையைப் பழைய பெட்டிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ‘ஆயுளுக்கும் ஒரே ஆயில்’ என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். உலகின் பெரிய கார் நிறுவனங்கள் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்து தரும் ஜெர்மானிய நிறுவனமான இசட்.எஃப்., தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு தாமதம் குறையவில்லை என்றால், பெட்டியை இறக்கும் முன் பட்டறையில் அழுத்தமானி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கென்று பெட்டியிலேயே ஒரு துளை, போல்ட்டால் அடைக்கப்பட்டு, இருக்கும். அழுத்தம் குறைவாக இருந்தால் கோளாறு பம்ப் பக்கம். சரியாக இருந்தும் கியர் தாமதித்தால் கிளட்ச் பக்கம். அந்தக் கருவி இல்லாத பட்டறையில் ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறக்க விடாதீர்கள்.

அதுவரை ஒரு வேண்டுகோள்: அந்த மூன்று நொடியில் பொறுமை இழந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். எஞ்சின் வேகமெடுத்த பின் கிளட்ச் பிடித்தால், பாதி அழுத்தத்தில் வழுக்கிய பிளேட்டுகள் அந்த ஒரு நொடியிலேயே கருகத் தொடங்கும். நீங்கள் கேட்கும் ‘டொக்’ சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டையும் பதம் பார்த்துவிடும்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது என் கார் தெருவில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அப்போது எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றினோம். அதன்பின் அதிகம் ஓட்டவில்லை. இப்போது டி-இலும் ஆர்-இலும் கியர் விழத் தாமதமாகிறது; ஓட்டும்போது நடுங்குகிறது. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கிறது.
வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: இதைப் படித்து முடித்ததும் காரை எடுக்காதீர்கள். அந்த நிறம் ஒன்றைத்தான் சொல்கிறது: ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் பெட்டி சூட்டில் மூச்சுவிட ஒரு சிறிய குழல் உண்டு. வெள்ளம் அதன் மட்டத்துக்கு ஏறினால் அது வழியாகவே தண்ணீர் உள்ளே போகும். வெள்ளத்தோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு வழியும் உண்டு. பல கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதில் துளை விழுந்தால் கூலன்ட் கியர் ஆயிலோடு கலந்துவிடும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து பாருங்கள். கூலன்ட் குறைந்தோ, மேலே எண்ணெய் ஆடை படர்ந்தோ இருந்தால் இரண்டாவது வழி. அப்போது ரேடியேட்டரை மாற்றாமல் கியர் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

கிளட்ச் பிளேட்டின் மேல் பசையால் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலம் ஒருவகைத் தாள்தான். தண்ணீரும் கூலன்ட்டும் அந்தப் பசையை இளக்கிப் படலத்தை உரித்துவிடும். கலந்த சில நாளிலேயே கண்டுபிடித்திருந்தால், கன்வெர்ட்டரும் குளிர்விப்புக் குழாய்களும் சுத்தமாகும் வரை திரும்பத் திரும்ப ஆயில் மாற்றிப் பெட்டியைக் காப்பாற்ற முயலலாம். நீங்கள் நடுக்கத்தையும் சொல்கிறீர்கள், நாளும் கடந்துவிட்டது. கோபி வாசகரிடம் வேண்டாம் என்று சொன்னதை உங்களிடம் செய்யச் சொல்கிறேன்: பெட்டியை இறக்கிப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். இழுத்துச் செல்லும்போது இயங்கு சக்கரங்கள் (எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள்) தரையில் உருளக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பம்ப்பும் ஓடாது. ஆயில் இல்லாமல் உள்ளே உள்ளவை தேயும். காரை முழுவதும் லாரி மேல் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

கேள்வி: யப்பானிலிருந்து வந்த என்னுடைய சி.வி.டி. வாகனத்துக்குப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் கியர் ஒயில் மாற்றினேன். அன்றிலிருந்து டி போட்டால் இரண்டு மூன்று செக்கன் பிந்தித்தான் இழுக்குது. ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் இரையுது. கராஜில் கேட்டால், “பழகப் பழகச் சரிவரும்” என்கினம். உண்மையோ?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்மையல்ல. மாற்றிய அன்றே தொடங்கிய குறைக்கு மாற்றிய பொருளையும் அதன் அளவையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். என்ன ஒயில் ஊற்றினார்கள் என்று கேட்டு, முடிந்தால் வெறும் போத்தலை வாங்கிப் பாருங்கள்.

சி.வி.டி. என்னும், தனித்தனிக் கியர்கள் இல்லாத பெட்டியில் இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே உருக்குப் பட்டை ஒன்று ஓடுகிறது. அங்கே உருக்கும் உருக்கும் வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கேற்ற உராய்வைத் தரும்படி அதன் ஒயிலைத் தனியாகத் தயாரிக்கிறார்கள். டொயோட்டாவுக்கு எஃப்.இ., நிசானுக்கு என்.எஸ்.-3, ஹோண்டாவுக்கு எச்.சி.எஃப்.-2 என்று நிறுவனத்துக்கு நிறுவனம், காலத்துக்குக் காலம் பெயர்கள் வேறு. சாதாரண ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான ஒயிலாகிய ஏ.டி.எஃப். தாள் பூசிய கிளட்ச்சுக்கானது, சி.வி.டி.யில் ஊற்றினால் பட்டை வழுக்கிக் கப்பிகளில் கீறல் விழும். விழுந்த கீறல் எந்த ஒயிலாலும் ஆறாது. இந்த ஒயில்களின் உராய்வு என்பது அவ்வளவு நுட்பமான விஷயம். 1970களின் தொடக்கம் வரை அமெரிக்க ஏ.டி.எஃப்.களில் அதற்காகவே திமிங்கிலத்திலிருந்து எடுத்த எண்ணெயைச் சேர்த்தார்கள் என்றால் பாருங்கள்.

ஆகவே வாகனத்தை நிறுத்திவைத்து, உங்கள் எஞ்சின் அறைத் தகட்டிலோ கையேட்டிலோ உள்ள பெயருக்கேற்ற ஒயிலை வாங்கி, இரண்டு மூன்று தடவை வடித்து நிரப்பச் சொல்லுங்கள். சரியான ஒயில்தான் ஊற்றப்பட்டிருந்தது என்று தெரிந்தால் அளவு குறைந்திருக்கக்கூடும். டிப் ஸ்டிக் இல்லாத பெட்டிகளில், நிறுவனம் சொல்லும் சூட்டில், அடியிலுள்ள வழிதுளையைத் திறந்து, ஒயில் மெல்லியதாக வழியும் மட்டம் வரை நிரப்ப வேண்டும். வடித்த அளவுக்குத்தான் ஊற்றினோம் என்பது அங்கே செல்லாது. சூட்டைக் காட்டும் ஸ்கேனர் உள்ள இடத்தில் செய்வியுங்கள்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஏ.எம்.டி. கார் வைத்திருக்கிறேன். சில நாள்களாக டி-க்குத் தள்ளினால் திரையில் ‘என்’ மின்னிக்கொண்டே இருந்து, சற்றுக் கழித்தே கியர் விழுகிறது. இதற்கும் ஆயில் அளவுதான் காரணமா?
வாசகர், தூத்துக்குடி

பதில்: இருக்கலாம், ஆனால் மேலே சொன்ன ஆயில் அல்ல. இந்தியாவில் 2014-இல் மாருதி சுசுகியின் செலேரியோ காரோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. அடிப்படையில் சாதாரண கியர் பெட்டிதான். கிளட்ச்சை அழுத்துவதும் கியரை மாற்றுவதும் நம் கால் கைக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. டார்க் கன்வெர்ட்டரும் இல்லை, அடுக்குக் கிளட்ச்சும் இல்லை. அதனால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். அது சோர்ந்திருந்தால் கருவியின் பம்ப் அழுத்தத்தை எட்ட நேரமாகும். பல மாடல்களில் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் ‘உர்’ரென்று ஒரு சத்தம் கேட்கும், அது அந்தப் பம்ப்தான். முன்னைவிட நீண்ட நேரம் கேட்டாலோ, அடிக்கடி கேட்டாலோ, கருவிக்கென்று தனியாக உள்ள ஆயில் குறைந்திருக்கலாம் அல்லது அழுத்தத்தைச் சேமிக்கும் கலம் பலவீனமாகியிருக்கலாம்.

அடுத்து, பிரேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்த தகவல் வராமல் இந்தக் கார்கள் கியர் போடச் சம்மதிப்பதில்லை; நூறு இருநூறு ரூபாய் சுவிட்ச் ஒன்று பெரிய கோளாறு போலத் தோற்றம் காட்டிவிடும். இவை இரண்டும் சரியென்றால் மிஞ்சுவது கிளட்ச் தேய்மானம். போக்குவரத்து நெரிசலில் பிரேக்கைப் பாதி விட்டு ஊர்ந்து ஊர்ந்து போகும் பழக்கம் இருந்தால் ஆறு ஆண்டில் தேய்வது இயல்பே. பட்டறையில் ஸ்கேனரை மாட்டினால் கிளட்ச் பிடிக்கும் இடம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அதுவே காட்டும். புதிய கிளட்ச் போட்டாலும், அந்த இடத்தைக் கருவிக்கு ஸ்கேனர் மூலம் மறுபடி கற்றுக்கொடுத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்து வாருங்கள்.